பின்சக்கரத்துக்கு இரண்டு ரேடியல்

ஞாயிறு காலை இரண்டாவது பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது அரிகிருஷ்ணன் மாதா கோயில் மதிலோரம் குந்தியிருப்பார். அவர் பெருமாளைக் கும்பிடுகிறவர். பூசையில் அவருக்கு வேலை இல்லை. பூசைக்கு வந்தவர்கள் நிறுத்திவிட்டுப் போன கார்களில்தான் வேலை. ஒவ்வொரு டயராகக் கட்டைவிரலால் அழுத்துவார். தரையைக் கவ்வுவதற்காக டயரில் வெட்டியிருக்கும் பட்டன்களுக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்ப்பார். கடைசியில் விரலை முகர்வார். முகர்ந்தே அந்தக் கார் கடலூர் ரோட்டில் ஓடுவதா திண்டிவனம் ரோட்டில் ஓடுவதா என்று சொல்லிவிடுவார் என நெல்லித்தோப்பில் ஒரு பேச்சு உண்டு. நம்பவேண்டாம். அதைக் கிளப்பிவிட்டவள் நான்தான்.

காற்றைப் பிடுங்குகிறார் என்று யாரோ பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். சாமியார் அங்கியோடு வெளியே வந்தார், இவர் முகத்தைப் பார்த்தார், தம்முடைய ஜீப்பையும் ஒரு தரம் பார்த்துவிடும்படி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த முகம் அப்படி. பலகாரக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற முகம்.

அரிகிருஷ்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பள்ளிக்கூடம் என்பது நெல்லித்தோப்பில் அவர் வீட்டு முன்னறையும், பாசிப்பச்சை நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும். முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு. கற்கிறவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஆபத்து என்றால் அதை மிதிப்பார். நான் கற்ற காலத்தில் அந்தப் பிரேக்கின் மேலிருந்த ரப்பர் வழவழவென்று தேய்ந்துபோனதற்கு என் பங்கு கணிசமானது.

திட்டமாட்டார். "கிளச்ச மிதிக்காதீங்கம்மா. தடவிக் குடுங்க" என்பார். யாராவது கொஞ்சம் வேகமெடுத்தால், "மெதுவா, மெதுவா. மாடு கோச்சிக்கும்" என்பார். மாடு எங்கே என்று கேட்டால், வரும் என்பார். முதல் கியர், இரண்டாவது கியர், மூன்றாவது கியர் எல்லாம் போடச் சொல்லித்தருவார். நாலாவதற்கு வரும்போது மட்டும் கை கியர்க்கம்பியின் தலையில் ஒரு கணம் நிற்கும். "நாலாவது அங்க இருக்குது. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஊருக்குள் நாலாவது கியரில் போக இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் மெதுவாகப் போகச் சொல்லியே சம்பாதிக்கிற ஒருவர், தன் வயிற்றுக்குள் ஒரு பந்தயக் காரை வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் கணத்தில்தான் தெரியும்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் பஸ் ஏறி மதராசுக்குப் போய், அங்கிருந்து சோழவரத்துக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போய்விடுவார். பெரிய கார்கள் அவருக்கு வேண்டாம். ஹெரால்டு மாதிரிச் சின்னக் கார்கள் ஓடும்போது வளைவோரமாகப் போய் வெயிலில் நிற்பார். திரும்பி வந்தால் இரண்டு நாள் சத்தமாகப் பேசுவார், காது அடைத்திருக்கும். ஒருமுறை வளைவில் டயர்கள் உரசி உதிர்த்துவிட்டுப் போன ரப்பர்த் துருவலைப் பொறுக்கி வந்து தீப்பெட்டியில் வைத்திருந்தார். சாயங்காலம் பெட்டியைத் திறந்து முகர்வார், மூடுவார். அவர் மனைவி வசந்தா அதை எலிப்புழுக்கை என்று நினைத்துக் குப்பையில் கொட்டிவிட்டார். அடுத்த பிப்ரவரியில் இவர் மறுபடியும் பொறுக்கிவந்தார்.

அவருடைய மேலுதட்டில் ஒரு தழும்பு உண்டு. புதிதாகக் கற்க வருகிறவர்களிடம், பந்தயத்தில் பட்டது என்பார். உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வரும்: "ஆமாம். ஆட்டோட பந்தயம்."

நடந்தது இது. கல்யாணமான புதிதில் பெண்டாட்டியை முன்சீட்டில் உட்காரவைத்துக் கடற்கரைக்கு ஓட்டிப்போயிருக்கிறார். ஓர் ஆடு குறுக்கே வந்தது. வசந்தாவின் காலடியில் அந்த இரண்டாவது பிரேக் இருந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்துவிட்டார். ஆடு பிழைத்தது, மாப்பிள்ளையின் உதடு ஸ்டியரிங்கில் கிழிந்தது. அன்றிலிருந்து வசந்தா முன்சீட்டில் ஏறியதில்லை. போகவேண்டிய இடத்துக்கெல்லாம் டவுன் பஸ். தப்பித் தவறிக் காரில் ஏறினாலும் பின்சீட்டு ஓரம். கேட்டால், "கத்துக்குட்டி போர்டு மாட்டின வண்டியில நான் வரல" என்பார். போர்டு ஒரு சாக்கு. பயம் வண்டியைப் பற்றியது அல்ல, தன் காலைப் பற்றியது. அவரே என்னிடம் சொன்னார்.

போன வருடம் ஹெரால்டின் நாலு டயரும் மொட்டையாகிவிட்டன. மழை பெய்தால் வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் யோசித்து நின்றது. மாற்றியே ஆகவேண்டும். கையிலிருந்த காசுக்கு இரண்டு வழிகள்தான். நாலு பழைய டயர்களுக்கும் மேலே புது ரப்பர் ஒட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால், புதிதாக நம் பக்கம் வரத் தொடங்கியிருக்கும் ரேடியல் டயரில் இரண்டே இரண்டு வாங்கலாம். ரேடியல், வளைவில் வேகமாகத் திரும்பினாலும் தரையை விடாமல் பிடித்துக்கொண்டு போகும். முதல் வழியில் பள்ளிக்கூடம் பிழைக்கும். இரண்டாவது வழியில் அரிகிருஷ்ணன் பிழைப்பார்.

விழுப்புரம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் அல்போன்ஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். டயருக்கு அவர் வாயில் 'ப்னே' என்றுதான் பெயர். அவர் கடைக்கு அரிகிருஷ்ணன் சாயங்காலந்தோறும் போனார். பெண் பார்க்கப் போகிறவர் கெட்டார். ரேடியலைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பட்டன் நேர்கோடாக ஓடுகிற டயர் ஒன்றும், வளைந்து வளைந்து போகிற டயர் ஒன்றும் இருந்தன. எது நல்லது என்று மூன்று வாரம் யோசித்தார். "கொஞ்சம் நடக்க விடுங்கண்ணே, பாக்கலாம்" என்று ஒருநாள் கேட்க, அல்போன்ஸ் டயரை ரோட்டில் உருட்டிவிட்டார். அது போய் இளநீர்க் கடையில் சாய்ந்தது. நேராகப் போனது என்று இவருக்கு ஒரே திருப்தி.

அல்போன்சுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. "நாலு ப்னேக்கும் ரப்பர ஒட்டிக்கினு போ, முசியே. நீ ஓட்டற வேகத்துக்கு வாழப்பட்டைய சுத்திக்கினாலே போதும்."

அரிகிருஷ்ணன் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வாழைப்பட்டை விஷயம் வசந்தாவுக்குத் தெரியாது. ரேடியல் விஷயம் தெரியும். அவருக்கு அதில் சம்மதமில்லை. என் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, கணவர் காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னார்: "இவரு செருப்பு அறுந்து ஊக்கு குத்திக்கினு நடக்கறாரு டீச்சரம்மா. வண்டிக்கு மட்டும் சீமச் செருப்பு." ஊக்கு உண்மை. இடக்கால் செருப்பில், கட்டைவிரல் வாரில்.

மறுநாள் அந்தச் செருப்போடு போய் அவர் இரண்டு ரேடியல்கள் வாங்கிவிட்டார். வளைந்து போகிற பட்டன். எங்கே போடுவது என்று கடையில் ஒரு மாநாடு நடந்தது. ஸ்டியரிங் முன்னால்தானே, முன்னால் போடு என்றார்கள் டீ குடிக்க வந்தவர்கள். "பின்னாடி போடு. முன்னாடி போட்டா, திரும்பற எடத்துல உன் வாலு உனக்கு முந்தி வூட்டுக்குப் போயிடும்" என்றார் அல்போன்ஸ். இதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. முன்சக்கரங்களுக்கு, ஸ்டெப்னியாகக் கிடந்த டயரையும் கடை மூலையில் கிடந்த ஒரு பாதிப் பழசையும் அல்போன்ஸ் மாட்டிக்கொடுத்தார். பாதிப் பழசுக்குக் காசு கேட்கவில்லை. வாழைப்பட்டைக்கு அது வருத்தம் தெரிவித்தல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. ரேடியல் டயருக்கு விலா கொஞ்சம் பிதுங்கி நிற்கும். அதன் பிறவி அப்படி. பழைய டயர்களையே பார்த்துப் பழகிய ஊருக்குக் காற்று போனதாகத் தோன்றியது. வண்டி போகிற தெருவெல்லாம், "அண்ணே, பின்னாடி காத்து இல்ல" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். சைக்கிளில் போகிறவர்கள் துரத்தி வந்து சொன்னார்கள். கதிர்காமத்தில் ஒரு கிழவர் வண்டியை மறித்தே சொன்னார். பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு டிரைவராகப் போகலாம் என்று கற்க வந்த கொளஞ்சி, வாத்தியாருக்கு உதவியாக இருக்கட்டுமென்று பஞ்சர் கடையில் நிறுத்திக் கல்லு மாதிரி காற்றடித்துவிட்டார். அரிகிருஷ்ணன் வால்வருகே குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சட்டைக் கழுத்தைத் தளர்த்துகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.

அதைவிடப் பெரிய வேதனை, ரேடியல்கள் செய்துவந்த வேலை. காலையில் ரெட்டியார்பாளையம் வரை முதல் கியரில். சாயங்காலம் மைதானத்தில் பின்பக்கமாக எட்டுப் போடுவது. கற்கிறவர்கள் சாக்கடைக் கட்டையில் உரசும்போதெல்லாம் அரிகிருஷ்ணன் தன் தோள் உரசின மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். தீப்பெட்டியைத் திறந்து முகர்வது நின்றுவிட்டது. சாயங்காலத்தில் பின்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து நகத்தை விட்டுப் பார்ப்பார். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். அவை ஒருநாள்கூட ஓடாமலே தேய்ந்துபோய்விடும் என்ற பயம் அது. தனியாக எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பார்ப்பதுதானே என்று கேட்டேன். தழும்பைத் தடவிக்கொண்டார். "ஒண்டியா போனா என்னாம்மா இருக்குது" என்றார்.

இதற்குமேல் நான் சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. விழுப்புரத்தில் எனக்கு ரயில் பிடிக்கவேண்டியிருந்தது. ரயில் என்னவோ பத்து மணிக்குத்தான். விடிந்ததும் கிளம்பவேண்டும் என்று சொல்லிவைத்தேன். வளவனூரில் வசந்தாவின் அக்கா மணியம்மாள் இருக்கிறார். போகிற வழிதானே, நீயும் வாயேன் என்றேன். போர்டைக் கழற்றினால் வருவதாகச் சொன்னார். அரிகிருஷ்ணன் முந்தின நாளே கழற்றித் துடைத்து, கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாராம்.

வாசலுக்கு வந்த வசந்தா பின்கதவைத் திறந்து பார்த்தார். பின்சீட்டில் நான் இருந்தேன். என் டிரங்குப் பெட்டி இருந்தது. படுக்கைச் சுருள், மாங்காய்க் கூடை, ஊறுகாய் ஜாடி எல்லாம் எனக்கு முன்னே ஏறி உட்கார்ந்திருந்தன. ஒருநாள் பயணத்துக்குப் படுக்கை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். முன்கதவைத் திறந்து ஏறினார். குனிந்து, காலடியில் வழவழவென்றிருந்த அந்தப் பிரேக்கைப் பார்த்தார். பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ரெட்டியார்பாளையம் தாண்டி, அரியூர் தாண்டி, மூன்றாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் புளிய மரம். ரோட்டில் ஒரு குஞ்சு இல்லை. எந்த மாடும் கோபித்துக்கொள்ள வரவில்லை. அரிகிருஷ்ணனின் இடக்கை கியர்க்கம்பியின் தலைமேல் ஏறியது, இறங்கியது. அவர் கண் ரோட்டில் பாதி. வசந்தாவின் கால்களில் பாதி. கண்டமங்கலம் தாண்டியதும் ரோடு நேராக நீண்டது. அது முடிகிற இடத்தில், பெரிய ஏரிக்கரை வளைவு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அரிகிருஷ்ணன் கழுத்தை நீட்டிப் பார்க்கிற வளைவு அதுதான்.

கை மறுபடி ஏறி நின்றது. என் மடியில் ஊறுகாய் ஜாடி மட்டும் கடகடவென்றது.

"நாலாவது ஒண்ணு இருக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்க" என்றார் வசந்தா, ரோட்டைப் பார்த்தபடியே.

கம்பியின் மேலிருந்த கை நகரவில்லை.

வசந்தா குனிந்து செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு இரண்டு கால்களையும் மேலே தூக்கி, புடவைக்குள் மடக்கி, பிரேக்கின் பக்கமே போகாதபடி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.