நிமிஷம் அக்காவின் கம்ப்யூட்டர்

டெப்போவில் அவளை எல்லோரும் நிமிஷம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதுகிற டைம் கீப்பர் வேலை, பத்தொன்பது வருடமாக. ஓட்டுநர் நாலு நாற்பது என்று சாதித்தாலும் அவள் கடிகாரத்தில் நாலு நாற்பத்தொன்று என்றால் நாலு நாற்பத்தொன்றுதான். மேலதிகாரி வரை போன தகராறுகளில் ஒன்றில்கூட அவள் எழுதியது தோற்றதில்லை.

இந்த வருடம் புதுக் கால அட்டவணை போடும் பொறுப்பு அவளிடம் வந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார்கள். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தம்பி, பூட்டித் தயாராக இருந்த ஒன்றைக் காட்டினான். பாகங்களாகவே கொடு, நானே பூட்டிக்கொள்கிறேன் என்றாள்.

“எதுக்குக்கா வம்பு? ஒரு திருகாணி கூடக்குறைய ஆச்சுன்னா?”

“உன்னைத் தூக்கி வளத்ததும் நான்தான். உனக்கு எந்தத் திருகாணி கழண்டுச்சு?”

கடையில் இருந்த வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். தம்பி பெட்டிகளை எடுத்து அடுக்கினான்.

சாப்பாட்டு மேஜையில் மூன்று நாள் மாலை வேலை நடந்தது. அவள் கணவர் வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்கிறவர். மேஜையை விட்டுக்கொடுத்துத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். மதர்போர்டுடன் வந்த புத்தகத்தை அவள் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தாள். நாலாம் நாள் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி கழித்து எழுத்து வந்தது. அதன்பின் எல்லாம் சிட்டாகப் பறந்தது.

முதல் தடவை அப்படித்தான் இருக்கும், மெஷின் தன் ரேமை அளந்து பார்த்து அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலையிலும் ஒன்று ஐம்பத்திரண்டு. அதற்கு மறுநாள் ஒன்று ஐம்பத்தொன்று. பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தாள். கூடவே தானாகத் திறக்கிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஒரு விநாடிகூடக் குறையவில்லை.

வியாழக்கிழமை மாலை தம்பி வந்தான். அவள் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த மெஷினை மூன்று தடவை அணைத்துப் போட்டான். மூன்று தடவையும் பதினெட்டு விநாடி.

“நல்லாத்தானே இருக்கு.”

“காலையில வந்து பாரு.”

“காலையில கடைய யாரு தொறக்கறது? சும்மா உக்காந்து பாத்துட்டே இருந்தா பத்து செகண்டே ரெண்டு நிமிஷமாத் தெரியும்க்கா. எதுக்கும் உன் வாட்ச்சையும் ஒரு தடவ பாத்துக்கோ.”

அடுக்களையில் மாவு பிசைகிற சத்தம் நின்றது. பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

“இல்லன்னா பூட்டுனதுல கோளாறு. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன். கடைக்குத் தூக்கிட்டுப் போய் மொத்தமாப் பிரிச்சு நானே பூட்டித் தந்துடறேன்.”

ஒன்று அவள் கணக்கு தப்பு, இல்லையென்றால் அவள் கை தப்பு. இரண்டையும் அவள் ஒத்துக்கொள்வதாக இல்லை.

ஒரு பஸ் தாமதமாகக் கிளம்பினால் அவள் ஓட்டுநரைக் குடைவதில்லை. முந்தின இரவு அது எங்கே நின்றது என்று கேட்பாள். கூரைக்கு அடியிலா, வெட்டவெளியிலா, சரிவிலா. பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். ஞாயிறு காலை அதே கேள்வியை மெஷினிடம் கேட்டாள். நின்றது மேஜைமேல்தான். ஆனால் படுக்கப் போகுமுன் கணவர் வீட்டிலுள்ள சுவர் சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிடுவார். தம்பி சோதித்தபோது சுவர் சுவிட்சை யாரும் தொடவில்லை.

நோட்டில் நடுவே கோடு போட்டாள். சுவர் சுவிட்சை அணைக்காமல்: பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது. அணைத்துப் பத்து நிமிடம் விட்டு: ஒன்று ஐம்பத்திரண்டு, ஒன்று ஐம்பத்தொன்று, ஒன்று ஐம்பத்திரண்டு. கரண்ட் போனால் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது; நேரத்தை மட்டும் இன்டர்நெட்டில் கேட்டுச் சரிசெய்துகொள்கிறது. அதற்கு ஒவ்வொரு காலையும் முதல் காலைதான்.

கரண்ட் இல்லாதபோதும் மறக்காமல் இருக்கத்தான் போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி வைத்திருக்கிறார்கள். பக்கத் தகட்டைக் கழற்றி அதை நெம்பி எடுத்தாள். போர்டு புதிது. பேட்டரியின் விளிம்பு தேய்ந்திருந்தது. இடுக்கில் கோதுமை மாவு.

“ஏங்க, மாவு நிறுக்கிற மெஷினுக்கு எப்ப பேட்டரி மாத்துனீங்க?”

“போன வாரம். ஏன்?”

“புதுசு எங்க வாங்குனீங்க?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “வாங்கல. உன் போர்டு மேஜைமேல கெடந்துச்சு. அதே சைஸ். எடுத்துட்டு எடத்தக் காலியா விடல, பழச வெச்சுட்டேன்.”

“சொல்லணும்னு தோணலையா?”

“அதுக்குத்தான் சுவத்துலேருந்து கரண்ட் வருதே. ஒரே ஆளுக்கு ரெண்டு சாப்பாடு எதுக்கு?”

அவள் அடுக்களைக்குப் போய்த் தன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

“பாதி மாவு நிறுத்தாச்சு. மீதி?”

“கண்ணால அளந்துக்குங்க.”

பேட்டரியைப் போர்டில் வைத்து, மெஷினை ஒரு தடவை போட்டு ரேமை அளக்க விட்டாள். அன்று இரண்டு ரொட்டி பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்தன.

தம்பி ஐந்து மணிக்கு வந்தான். கையில் பெரிய பை.

“எடுத்துட்டுப் போலாமாக்கா?”

“சுவர் சுவிட்ச அணை. பத்து நிமிஷம் உக்காரு.”

உட்கார்ந்தான். சின்ன ரொட்டி அவனுக்குக் கிடைத்தது. பத்தாவது நிமிடம் சுவர் சுவிட்சைப் போட்டு, அவனையே பொத்தானை அழுத்தச் சொன்னாள். “நான் எண்ணல. உன் போன்ல நீயே எண்ணு.”

பதினெட்டு விநாடி. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் மெஷினையும் சுவர் சுவிட்சையும் அணைத்து, நல்ல பேட்டரியை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தாள். சற்று விட்டுச் சுவிட்சைப் போட்டாள். “இப்ப எண்ணு.”

கணவர் அடுக்களை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து வந்தபோது தம்பி போனைப் பார்த்தான். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

“எவ்ளோ?”

“ஒண்ணு அம்பத்திரெண்டு.”

“பூட்டுனது?”

“பூட்டுனதுல ஒரு கொறையும் இல்லக்கா.”

நல்ல பேட்டரியைத் திரும்ப வைத்துத் தகட்டை மூடினாள். நான்கு திருகாணிகளையும் அவளே முடுக்கினாள். தம்பி நீட்டிய திருப்புளியை வாங்கவில்லை. தன்னுடையது இருந்தது.

அவன் வெறும் பையை மடித்தான். செருப்பை மாட்டிய பிறகும் நின்றான்.

“கடையில ஒரு மெஷின் கெடக்கு. ரெண்டு தடவ முழுசாப் பிரிச்சுட்டேன். திங்கட்கிழமை மட்டும் மக்கர் பண்ணுதாம், ஏன்னே புரியல. ஒரு நாள் வந்து பாக்கறியா?”

“நாளைக்கு டூட்டி. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள அதைப் பிரிக்காத. சனி, ஞாயிறுல அது எங்க நிக்குது, யாரு என்ன பண்றாங்கன்னு கேட்டு எழுதி வை.”

“சரிக்கா. நாலு, நாலரைக்கு…”

“நாலு,” என்றாள்.