மூச்சு முட்டாத ஹெல்மெட்

கிருஷ்ணவேணிக்கு மூடின எதுவும் ஆகாது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வருவாள். படுக்கிற அறைக் கதவு ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், அந்தக் குழாய்க்குள் தலை நுழைந்ததுமே கூச்சல் போட்டு இறங்கி வந்துவிட்டாள். எதனால் இப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் கிளியனூரில் தங்கைகளோடு போர்வைக்குள் சுருண்டு தூங்கியவள்தான்.

வேலையும் உட்கார விடாத வேலை. வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுப்பது. விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு காணை, கெடார் பக்கத்து ஊர்களை ஸ்கூட்டியில் சுற்றி வருவாள். தெருவுக்குத் தெரு இறங்கி ஏற வேண்டும் என்பதால், தலையின் உச்சியை மட்டும் மூடுகிற தொப்பி மாதிரி ஒரு ஹெல்மெட்டை ரோட்டோரத்தில் வாங்கி வைத்திருந்தாள். போலீஸ் நிற்கிற இடத்துக்கு அது போதும் என்பது அவள் கணக்கு.

தை மாதத்தில் ஒருநாள் கெடாரைத் தாண்டிப் போகும்போது ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறி உளுந்து பிரியட்டும் என்று போடுவது. முன்சக்கரம் அதில் வழுக்கியது. விழும்போதே அவள் பார்த்தாள்: தலை கீழே படுவதற்கு முன்னால் ஹெல்மெட் கழன்று தனியாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. தலை போய் விழுந்தது ஓரத்தில் குவித்திருந்த செடி மேல். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். உளுந்து தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். பின்னால் ஐ.எஸ்.ஐ. என்று ஒரு ஸ்டிக்கர். நாள் முழுக்க மீட்டர் நம்பர் பார்க்கிற கண், அதில் நம்பர் எங்கே என்று தேடியது. ஒரு எண்ணும் இல்லை. நகத்தால் நெம்பினாள், முழுசாக உரிந்து வந்தது. அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. சோறு வடிக்கும்போதும், எவர் வீட்டு மீட்டர் முன்னால் நிற்கும்போதும், அது உருண்டு போனதே கண்ணுக்குள் வந்தது.

கணவர் அரங்கநாதன் மறுநாளே விழுப்புரத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். கடைப் பையன் தாடை வரைக்கும் மூடுகிற பெரிய ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டிவிட்டான். கண்ணாடி கீழே இறங்கியது. தன் மூச்சுச் சத்தம் மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். பூட்டு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தட்டுப்படவில்லை. அவர் ஏதோ சொல்கிறார், வாய் அசைவது தெரிகிறது. அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. ஹெல்மெட்டோடு தெருவுக்கு ஓடினாள். பையன் பின்னாலேயே ஓடிவந்து கழற்றிவிட்டபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

"ஊருல எல்லாரும் போட்டுக்கினுதான் போறாங்க. உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

வண்டியைத் தொடாமல் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வேலைக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு ஊர் முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிடும். இத்தனை வீட்டு ரீடிங் ஏன் பாக்கி என்று ஆபீசில் கேட்டார்கள். பழைய ஹெல்மெட்டைப் போட மனசு வரவில்லை, பெரியதைப் போட உடம்பு விடவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் இறங்கி நடக்கிற வழியில் ஒரு ஹெல்மெட் கடை கண்ணில் பட்டது. கல்லாவில் ஒரு அம்மா இருந்தார். ஹமீதுன்னிசா என்று பெயர், புருஷன் துபாயிலிருந்து திரும்பிவந்து வைத்த கடை. உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்று, தனக்கு மூடினால் மூச்சு முட்டும் என்பதைக் கிருஷ்ணவேணி சொல்லிவிட்டாள். வெளியாளிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா சிரிக்கவில்லை. தானும் கூட்டமான கல்யாண மண்டபத்தில் உட்கார மாட்டேன் என்றார்.

"உள்ள வர வேணாம்மா. ரோட்டப் பாத்துக்கினே போட்டுப் பாருங்க, நான் கிட்ட வரல" என்றார்.

முகம் திறந்திருந்து, காதையும் பின்தலையையும் நன்றாக மூடுகிற மாதிரிகளை ஸ்டூல் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். சட்டப்படி போடுவதென்றால் தாடையோடு மூடுவது ஒன்றுதான் என்று கிருஷ்ணவேணி அதுவரை நினைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடினாள். மேலே 4151 என்ற தர எண், கீழே உரிம எண். உள்ளே ஸ்பாஞ்சுக்குப் பின்னால் கெட்டியான தெர்மாகோல். ஆனால் தலையில் வைக்கவில்லை. முதலில் பூட்டைத்தான் கையில் எடுத்தாள். சிவப்பு நாடாவை இழுத்தால் திறந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள், இடது கையால் இழுத்தாள். வார் கழன்று விழ விழ நெஞ்சுக்குள் எதுவோ இளகியது. தான் பயந்தது ஹெல்மெட்டுக்கு இல்லை, கழற்ற முடியாமல் போய்விடுமோ என்றுதான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

போட்டாள். கொஞ்சம் பெரிசு, தலையை ஆட்டினால் அதுவும் ஆடியது. அடுத்த சைஸ் கன்னத்தைப் பிடித்து நின்றது. கொண்டையைத் தளர்த்திப் பின்னலாகப் போட்டுக்கொண்டதும் சரியாக உட்கார்ந்தது. பூட்டியதும் பழைய படபடப்பு வந்தது. உடனே இழுத்துத் திறந்தாள். மறுபடி பூட்டினாள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கடை அம்மா வேறு வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டுதான் தங்கை வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டே வீட்டில் கீரை ஆய்ந்தாள், மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலை உரித்தாள். கல்லூரியில் படிக்கிற மகள் அஸ்வினி போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். பிறகு ஒருநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காணைக்குக் கிளம்பினாள்.

பயம் போய்விடவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் வந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கரும்புக் காட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். மறுபடி போட்டுக்கொண்டு புறப்படுவாள். அப்படி நின்று நின்று போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட முடிந்தது.

இப்போது அவளை உறுத்துவது வேறு. அரங்கநாதன் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் வெறும் ஸ்டிக்கர்தான். திண்டிவனம் போய் மாற்றலாம் என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார்.

"அடுத்த வாரம் வரைக்கும் எனக்குத் தாங்காது. ஜல்தி கெளம்புங்க, வண்டிய எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நானே ஓட்டறேன், அங்கருந்து பஸ்ல போலாம்" என்றாள் அவள். அவர் சட்டையைத் தேடுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றுவிட்டாள்.