ஒரே எண்ணில் பதினொரு பேர்

இரணியலில் வீட்டிலிருந்தே இணையப் பக்கங்கள் செய்துகொடுப்பது என் வேலை. குளச்சலில் நடக்கவிருந்த இலவசக் கண் முகாமுக்கு, அதை நடத்துபவர்கள் முன்பதிவுப் படிவம் கேட்டார்கள். முந்தைய முகாமில் யாரோ விளையாட்டாகப் பொய்ப் பெயர்களை நிரப்பிவிட, டாக்டர் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். ஒரு கைபேசி எண்ணுக்கு ஒருவர்தான் என்று கறாராக விதி வைத்தேன்.

மூன்றாம் நாள் பார்த்தால், ஒரே எண்ணிலிருந்து பதினொரு பதிவு முயற்சிகள். எல்லாம் பெண் பெயர்கள். ஏழு பேருக்குப் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. படிவம் முதல் பெயரை மட்டும் ஏற்று, மீதிப் பத்தையும் தள்ளியிருந்தது. பிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முகாமன்று பட்டியலோடு வாசலில் நானே உட்கார்ந்தேன். மீன் விற்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் நின்றவளின் பெயர் பட்டியலில் இருந்தது, மற்றவர்களுடையது இல்லை. எல்லாருக்கும் பதிவு செய்ததாக அவள் சாதித்தாள். நான் நம்பவில்லை. அவள் கண்முன்னேயே அந்த எண்ணை அழைத்தேன். அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"எங்க தெருவுல போன் நோண்டத் தெரிஞ்சவ நாந்தான் மக்கா. எல்லாவளுக்கும் நாந்தான் போட்டேன். பதிவாயிட்டுன்னு ஒவ்வொரு தடவையும் காட்டிச்சே."

'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று நான் எழுதிவைத்த எச்சரிக்கையைத்தான் அப்படிப் படித்திருக்கிறாள். அப்போதும் விடாமல், ஏழு பேருக்கு எப்படி ஒரே பிறந்த தேதி என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல சேக்கும்போ சாரு போட்ட தேதி அது. பெத்த அம்மைக்கே தெரியாது. நீ என்ன போலீஸா?"

எனக்குக் காது சுட்டது. உள்ளே போய் டாக்டரிடம் என் தவறைச் சொன்னேன். பட்டியலில் இல்லாதவர்களைக் கடைசியில் பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் காத்திருக்க முடியாமல் ஒருத்தி மீன் ஏலத்துக்குப் போய்விட்டாள். அவள் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

மறுவாரம் அந்த எண்ணிலேயே விசாரித்து, அவளை நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அந்த விதியை எடுத்துவிட்டேன். சந்தேகம் மட்டும் போகவில்லை. ஒற்றை எழுத்தில் ஒரு பெயர் வந்தால் இன்றும் கை நின்றுவிடுகிறது. தள்ளாமல், அழைத்துக் கேட்கிறேன். சிலர் எடுப்பதேயில்லை.