என் குழந்தையின் தலையணை

ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இரும்பு கடையும் லைனில் இருக்கிறேன். தினமும் புதுசாக ஒரு ஜோடி பருத்திக் கையுறை தருவார்கள். ஷிப்ட் முடிந்ததும் அதைக் குப்பைத் தொட்டியில் போட எனக்கு மனசே வராது. வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துப் பரணில் சேர்ப்பேன்.

எட்டு மாதக் குழந்தைக்கு இலவம்பஞ்சுத் தலையணை வாங்கிவரச் சொன்னாள் மனைவி. அவளுக்குத் தெரியாமல் அந்தக் கையுறைகளைத் தலையணை உறைக்குள் திணித்து, வாயைத் தைத்து, கடையில் வாங்கியதாகக் கொடுத்தேன்.

நான்கே நாளில் குழந்தையின் கன்னமும் கழுத்தும் சிவந்து, கீறல் கீறலாகப் புண்ணாகிவிட்டது. குழந்தையைத் தலையணையோடு குன்றத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டரம்மா தலையணையைத் தடவிப் பார்த்து, "உள்ள என்ன இருக்கு?" என்றார்.

"இலவம்பஞ்சுதாம்மா. இவருதான் வாங்கினு வந்தாரு" என்றாள் மனைவி.

நர்ஸ் கத்தரியால் பிரித்ததும் மேஜைமேல் கையுறைகள் விழுந்தன. துவைத்தும் போகாத இரும்புப் பிசிறுகள் அவற்றில் மின்னின.

"நல்லவேளை, பிசிறு கண்ணுக்குள்ள போகல" என்றார் டாக்டரம்மா. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

இப்போது கையுறையைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் லைனைவிட்டு வெளியே வருகிறேன். ஆனால், குழந்தைக்கு நான் எதை வாங்கி வந்தாலும் மனைவி முதலில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறாள். அதுவரை நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.