அளவுக்கு நின்ற அன்னத்தாய்

போட்டோக்கார சீனிச்சாமி, பார்க் கூட்டுகிற அன்னத்தாயை முப்பத்தாறு போட்டோ எடுத்தே மடக்கிவிட்டான் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கோர்ட்டுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் கல்லைப் பார்க்காமல் பொம்பளையைப் பார்த்தானாம். பழனிசெட்டிபட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் முப்பத்தாறு நூறாகிவிட்டது. லோயர் கேம்ப்பில் கேட்டால், கேமராக் கண்ணாடியில் வசிய மை தடவியிருந்தான் என்று சத்தியம் செய்கிறார்கள்.

நடந்தது வேறு. அதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் அன்னத்தாய் வீடு தேடி வந்து கேட்பாள்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் இந்தத் தாளையும் கேஸ்கட்டில் சேர்த்துவிடுவார்கள். அந்த ஊரில் ஒரு பார்க். ஒரு சறுக்குப் பலகை, உட்கார்ந்தால் வேட்டியைக் கிழிக்கிற சிமெண்டு பெஞ்சு நாலு, பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. மரத்தடியில் மூன்று பழங்காலத்துக் கல். ஒன்றில் குதிரைமேல் ஈட்டியோடு ஒருவன். இன்னொன்றில் ஒரு கையைத் தூக்கி நிற்கும் பெண். மூன்றாவதில் எழுத்து. எழுத்து மழையிலும் வெயிலிலும் கரைந்து போனதால் யார் வேண்டுமானாலும் தனக்குப் பிடித்த மாதிரி வாசித்துக்கொள்ளலாம். அப்படித்தான் வாசித்தார்கள். குதிரைக்காரன் மாடு திருடர்களை விரட்டிப் போய்ச் செத்த எங்கள் பாட்டன் என்றது மேலத்தெரு. இல்லை, வாய்க்கால் மடையைக் காவல் காத்துச் செத்த எங்கள் பாட்டன் என்றது கீழத்தெரு. செத்தான் என்பதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒற்றுமை.

தொண்ணூற்று மூன்றில் கேஸ் போட்டார்கள். தீர்ப்பு வரும்வரை கல்லை எவரும் தொடக்கூடாது, மாலை போடக்கூடாது, ஒரு விரற்கடைகூட நகர்த்தக்கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. சுற்றி முள்கம்பி வந்தது. காக்கையைக் கழித்துவிட்டால், கம்பிக்குள் போக அனுமதி உள்ள ஒரே ஜீவன் அன்னத்தாய்.

அவள் சுருளிப்பட்டிக்காரி. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்ததில் புருசனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. தினக்கூலியாகப் பார்க்கில் சேர்ந்து பத்து வருசம். தினமும் காலையில் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, குதிரைக்காரன் தலையில் காக்கை போட்டு வைத்ததை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

"பேரன்மாரெல்லாம் கம்பிக்கு வெளியில நின்னு சண்டை போடுறாக. ஒமக்கு மூஞ்சி கழுவி விடுறதுக்கு நான் ஒருத்திதேன்" என்று கல்லோடு பேசுவாள்.

இரண்டாயிரத்து இரண்டு சித்திரையில், தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பேரும் ஏறியது. அதே சித்திரையில், ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் காற்று வந்தது. வாழைத் தோப்புகள் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டன. யார் வீட்டுத் தகரமோ பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியது. தூங்குமூஞ்சி மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு மூன்று கல்லின்மேலும் சாய்ந்தது. குதிரைக்காரன் குப்புற விழுந்தான். பெண் கல் ஒருபக்கமாகச் சரிந்தது. எழுத்துக் கல் இரண்டாக உடைந்து, வாசிப்பதற்கு இன்னும் வசதியாகிவிட்டது.

மறுநாள் காலையில் இரண்டு தெருவும் முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டனைத் தூக்கி நிறுத்த முடியாது, தொட்டால் கோர்ட். காற்றைத் திட்டவும் முடியாது. அது கேரளாப் பக்கம் போய்விட்டது. கோபத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மேலத்தெரு ஒச்சாண்டி கண்டுபிடித்தான். "இந்தா நிக்கிறாள்ல அன்னத்தாயி, இவதேன் மரத்து மூட்டுல சருகப் போட்டு எரிச்சா. நானே பாத்தேன். வேரு வெந்து போயித்தேன் மரம் விழுந்துச்சு."

"ஆமாமா, நானும் பாத்தேன்" என்றான் கீழத்தெரு சுருளிராஜன். ஒன்பது வருசத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

பேரூராட்சி ஓவர்சியர் ராஜா முகம்மது நல்ல மனிதர். ஆனால் இரண்டு தெருவும் சேர்ந்து சொன்னால் எழுதாமல் இருக்க முடியாது. "ஏத்தா, எரிச்சியா?" என்று கேட்டார்.

அன்னத்தாய் கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினாள். ஏனென்றால் எரித்திருந்தாள். மார்கழிக் குளிருக்கு இரண்டு நாள். அவர் காகிதத்தில் அதை எழுதினால் பட்டியலிலிருந்து பேர் போகும், தினக்கூலியும் போகும். அதைவிட, ராத்திரி முழுக்க அவளுக்கே அதுதான் நெஞ்சில் கிடந்தது. பத்து வருசம் மூஞ்சி துடைத்துவிட்ட ஆளை நாமே குப்புறத் தள்ளிவிட்டோமோ?

"மொதல்ல படம் எடுப்போம். மத்தது பொறகு" என்றார் ஓவர்சியர். விழுந்தது விழுந்தபடி படம் எடுத்தால்தான் கல்லைத் தூக்க கோர்ட் விடும். சீனிச்சாமிக்கு ஆள் போனது.

சீனிச்சாமிக்கு வயது நாற்பத்தைந்து. கல்யாணம், காதுகுத்து, சாவு, விபத்து எல்லாவற்றுக்கும் அவர்தான். ஊரில் பாதிப் பேரைக் கல்யாணக் கோலத்தில் எடுத்தவர், தான் மட்டும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வேறெதுவும் பேசாமல், 'கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பம்மா' என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. யாஷிகா கேமராவையும் அதன் மூன்றுகால் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கல்லு எம்பூட்டு உசரம், எம்பூட்டுத் தூரம் தள்ளி விழுந்திருக்குன்னு படத்துல தெரியணும். பக்கத்துல ஒரு ஆள் நிக்கட்டும்" என்றார்.

"நான் நிக்கேன்" என்று ஒச்சாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டான்.

"ஒன்னைய நிக்க வச்சா, பாட்டன் பக்கத்துல பேரன்னு கோர்ட்டுல காட்டவா? ஏலே, நான் நிக்கேன்" என்று சுருளிராஜன் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

கால் மணி நேரம் போனது. கடைசியில் ஓவர்சியர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அன்னத்தாயி, நீ போய் நில்லு. நீ மேலத்தெருவும் இல்ல, கீழத்தெருவும் இல்ல" என்றார். இரண்டு தெருவும் யோசித்துவிட்டுச் சம்மதித்தது. குற்றவாளி சம்பவ இடத்தில் நிற்பது முறைதானே.

அவள் விளக்குமாறோடு போய் நின்றாள்.

"யோவ்! எங்க பாட்டன் பக்கத்துல வெளக்கமாறா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் அதைக் கீழே போட்டாள். போட்டபிறகு கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. சீனிச்சாமி அளவுக் கம்பை அவள் கையில் கொடுத்தார்.

"நிமிந்து நில்லுங்க" என்றார். அந்தப் பார்க்கில் பத்து வருசத்தில் அவளை மரியாதையாகக் கூப்பிட்ட முதல் ஆள்.

முதல் படத்துக்கு இரண்டடி இடப்பக்கம் போகச் சொன்னார். இரண்டாவதுக்கு மூன்றடி பின்னால். குதிரைக்காரனுக்கு ஒன்பது படம், பெண் கல்லுக்கு ஒன்பது, எழுத்துக் கல்லுக்குத் துண்டுக்கு நாலு. எங்கே நிற்க வைத்தாலும் அவள் முதுகுக்குப் பின்னால் பிடுங்கிக்கொண்ட மரத்தின் அடி இருந்தது. ஒச்சாண்டிதான் முதலில் கவனித்தான்.

"கல்ல எடுக்கச் சொன்னா மரத்த எதுக்குய்யா எடுக்குறீரு?"

"அடிபட்டவன மட்டும் எடுத்துட்டு அடிச்சவன விட்டுட்டா கேசு நிக்குமா?" என்றார் சீனிச்சாமி. தொழில் பேச்சை விட்டால், அதுவரை அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஓவர்சியர் சிரிப்பை மறைக்கக் குடையை விரித்துக்கொண்டார்.

சூரியனை மேகம் மறைத்தது. வெளிச்சம் வரட்டும் என்று எல்லோரும் டீ குடிக்க நகர்ந்தார்கள். சீனிச்சாமி மட்டும் மரத்தடியில் குனிந்து, பொந்துக்குள் தோள்பட்டை வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அன்னத்தாய் பக்கத்தில் போய் நின்றாள்.

"மார்கழியில ரெண்டு நா இங்கன சருகு எரிச்சேன்" என்றாள் மெதுவாக. "நாந்தேன் காரணமா?"

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எந்தப் பக்கம் எரிச்சீக?"

"அங்கன. தெக்கால."

தெற்குப் பக்கம் போய் நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை. வடக்குப் பக்கம் வந்து ஒரு கை அள்ளி எடுத்தார். மரமாகவே இல்லை, ஈரப் புழுதியாக உதிர்ந்தது.

"இது கரையான் வேலை. உள்ளுக்குள்ள செத்து வருசக் கணக்காச்சு. ஒங்க தீ இந்த மரத்துக்குக் கொசுக்கடி மாதிரி. காத்து வராட்டியும் ஒருநா விழுந்திருக்கும்."

"நெசமாவா?"

"நான் பொய் சொன்னாலும் படம் சொல்லாதுல்ல. பொந்து தெரியுற மாதிரித்தேன் ஒங்கள நிக்க வைக்கேன். இன்னும் பத்துப் படம் இருக்கு. பொந்த மறைக்காம நில்லுங்க."

அன்னத்தாய்க்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் கேமராவுக்குப் பின்னால் போய், "கண்ணத் தொடைங்க. ஃபிளாஷ் அடிச்சா மினுங்கும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சமிருந்த பத்துப் படத்துக்கும் அவள் தலை நிமிர்ந்து நின்றாள். எதிரே பார்க்க வேறென்ன இருந்தது? ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிற மனிதர். காதோரம் கரையான் மண். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஊக்கு. ஊக்கைக்கூடத் தலைகீழாகத்தான் குத்தியிருந்தார்.

நாலாம் நாள் பிரிண்டு வந்தது. ஓவர்சியர் மேசையில் பரப்பிப் பார்த்தார். முப்பத்தாறிலும் அன்னத்தாய். முப்பத்தாறிலும் அவளுக்குப் பின்னால் ஆள் நுழைகிற அளவுக்குக் கருப்பாக ஒரு பொந்து. 'உள்ளே உளுத்துப்போன மரம், பலத்த காற்றில் சாய்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தீ என்ற சொல்லே அதில் இல்லை. பட்டியலில் பேர் அப்படியே நின்றது.

கோர்ட்டில் மட்டும் ஒரு சிக்கல். கீழத்தெரு வக்கீல் படங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாத்துலயும் கம்போட நிக்கிற இந்தம்மா யாரு? மூணாவதா ஒரு பார்ட்டி சேந்திருக்கா?" என்று கேட்டாராம். அதற்கு ஒரு வாய்தா போனது.

வேலைக் காகிதத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்று அன்னத்தாய் ஸ்டுடியோவுக்குப் போனாள். கழுவிப் பார்த்தால் கண் மூடியிருந்தது. மறுவாரம் போனாள், மறுபடியும் கண் மூடியிருந்தது. சீனிச்சாமி ஃபிளாஷில் கோளாறு என்று பாட்டரியை மாற்றினார். மூன்றாவது தடவையும் அப்படியே. அன்றைக்கு அவள் கையோடு ஊசியும் நூலும் ஒரு வெள்ளைப் பொத்தானும் கொண்டுபோயிருந்தாள். "சட்டையக் கழத்துங்க, தச்சுத் தாறேன்" என்றாள். சீனிச்சாமி நல்லவேளை வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லவில்லை.

ஆவணியில் வீரபாண்டிக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்து ராஜா முகம்மது. வேலையும் நிரந்தரமானது. படத்தைப் பார்த்துக் கோர்ட் விட்டதால், கல்லெல்லாம் பழைய இடத்திலேயே எழுந்து நிற்கிறது. கேஸும்தான்.

பேச்சு மட்டும் அடங்கவில்லை. போன தைப்பொங்கலுக்கு, டீக்கடை வாசலில் பத்துப் பேர் நிற்கையில் ஒச்சாண்டி கேட்டேவிட்டான். "என்ன அன்னத்தாயி, எங்க பாட்டன எடுக்கச் சொன்னா ஒன்னைய முப்பத்தாறு எடுத்துல்ல மடக்கிப்புட்டாரு அந்த மனுசன்!"

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"ஏய்யா ஒச்சாண்டி, அவுக எங்க என்னைய எடுத்தாக? அவுக பாத்தது பூராம் மரப்பொந்த. நான் குறுக்க நின்னேன், அம்புட்டுத்தேன். மடக்குனது நான். சொல்றதுன்னா சரியாச் சொல்லு."