தூங்காமல் கொடுத்த ரத்தம்

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பிரேக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதைப் பார்க்கும்போது யாரோ தூரத்து உறவுக்காரர் பெயரைப் படிப்பது போல இருக்கும் அவருக்கு. பகலெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து நிற்கும் பஸ்களின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எங்கே கசிகிறது என்று பார்த்து, விடிவதற்குள் மாட்டி அனுப்புவது அவர் வேலை. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷத்திலிருந்து ராத்திரி வேலைதான். காலையில் கை கழுவிக்கொண்டு கலையும்போது ராத்திரி ஷிஃப்ட் கூட்டம் ஒருவருக்கொருவர் 'குட் நைட்' சொல்லிக்கொள்ளும். உள்ளே நுழைகிற பகல் ஷிஃப்ட்காரர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். அப்புறம் அதுவும் பழகிப்போனது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவர் வீட்டுக்கு வரும்போது அவள் தலை வாரிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பி வரும்போது அவர் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்தது கட்டில்தான். இரண்டு ஷிஃப்டும் அதற்கு.

ஐம்பது தாண்டிய பிறகு அவருக்குள் ஏதோ அடங்கிக்கொண்டு வந்தது. வலி என்று சொல்ல முடியாது, நோய் என்றும் சொல்ல முடியாது. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார், பஸ்ஸில் யாரோ ஏறினால் நகர்வது போல. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அனுப்பி வைக்கப் போனபோது தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர், மகள் போகிற பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கையாட்டிய பிறகுதான் நிமிர்ந்தார். அப்போதும் அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தார்.

அடுத்த வாரம் மனைவி மகளுடைய அறையைக் கூட்டிப் பெருக்கி, தன் சாமான்களை அங்கே கொண்டு போய் வைத்தாள். இன்னும் கொஞ்ச நாள் கழித்து, சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அக்கா அங்க வந்துடச் சொல்றா. அவ கடையில ஆள் வேணுமாம். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா சொல்லுங்க, இருந்து பாத்துக்கறேன். என்னையத்தான் பிடிக்காமப் போச்சுன்னா அதையும் சொல்லிடுங்க. நடுவுல தொங்க விடாதீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். இரண்டில் எது என்று அவருக்கே தெரியவில்லை. பார்க்கலாம் என்றார்.

வழி காட்டியது வெல்டர்தான். பணிமனையில் அவனுக்கு வாய் ஜாஸ்தி. ஒரு வருஷமாகவே அவன் ஆளே மாறிப்போயிருந்தான். முன்னெல்லாம் டூல் பெட்டியைத் தூக்கவே நாலு பேரைக் கூப்பிடுகிறவன், இப்போது தனியாகத் தூக்கிக்கொண்டு விசில் அடித்தான். ரகசியம் என்னவென்று கேட்டால் இடுப்பைத் தட்டிக் காட்டி ஊசி என்பான். ஆம்பளைங்களுக்கு வயசாக ஆக ஒரு சுரப்பு குறையும், அதை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம், டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர், சொல்வதற்குத்தான் வாயில் நுழையாது, உடம்பில் நன்றாக நுழையும் என்று விளக்கினான்.

"அண்ணே, முன்ன மாடிப்படி ஏறினா எனக்கு மூச்சு வாங்கும். இப்ப என்னைப் பாத்தா படிக்கு மூச்சு வாங்குது. நீங்க ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாருங்க. அண்ணி சண்டை போடற அளவுக்கு ஆயிடுவீங்க."

பிரேக்காரர் சிரிக்கவில்லை. முகவரி மட்டும் கேட்டுக்கொண்டார்.

செல்போன் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த ஆண்கள் நல மையம். மெத்தென்ற சோபா, சுவரில் மலையேறுகிற நரைத்த தலைக்காரர் படம். காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அவர் வேலை முடிந்த கையோடு, நகத்தில் கிரீஸ் இருக்க, நேரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வெறும் வயிறு, காலை. சொன்னதில் ஒன்றையும் விடவில்லை.

முடிவு வந்தது. இருக்க வேண்டியதைவிட நன்றாகவே குறைவு. தாடி ஒதுக்கிய இளைஞன் ஒருவன் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, "இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல சார்" என்றான். களைப்பு, எதிலும் பிடிப்பில்லாமை, மனைவியோடு ஒட்டாமல் போவது, எல்லாம் இதனால்தான். அடுத்த வாரமே ஊசி ஆரம்பித்துவிடலாம்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் உடையாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். கேட்டதும் மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சிரித்தாள். எத்தனையோ மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. "இதுக்கா நான் இவ்வளவு நாள் வெந்து செத்தேன்? வாயைத் திறந்து சொன்னா என்ன?" என்று அவர் தோளில் ஒன்று வைத்தாள். அக்காவுக்குப் போன் போட்டு, மனுஷருக்கு உடம்பில் குறைபாடாம், ஊசி போட்டால் சரியாகிவிடுமாம், இப்போதைக்கு வரவில்லை என்றாள். குறைபாடு என்கிற வார்த்தையை அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

ஆனால் அவள் கண்ணாடிக் கடைக்காரி. ஒருதரம் பார்த்த பவரை வைத்து அங்கே யாரும் கண்ணாடி வெட்டுவதில்லை. இன்னொரு தரம் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் வெட்டுவார்கள். மாடியில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியாது, நம்ம லேடி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று அவள்தான் பிடித்துத் தள்ளினாள்.

மகளுக்குச் சிறு வயதில் காய்ச்சல் பார்த்த டாக்டர் அந்த அம்மாள். காகிதத்தைப் படித்தார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். இன்னும் ராத்திரிதானா என்றார். பிறகு, ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் எப்போது தூங்கினீர்கள் என்று கேட்டார்.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "முந்தின நாள் மத்தியானம், டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இந்தச் சுரப்பு தூக்கத்தில் ஏறும், தூங்கி எழுந்ததும் உச்சத்தில் இருக்கும், அதனால்தான் காலையில் எடுக்கச் சொல்வது என்றார். "காலைன்னா சூரியன் வந்த நேரம் இல்லைங்க. நீங்க எழுந்த நேரம். நீங்க ரத்தம் குடுத்தது உங்க உடம்புக்கு நடு ராத்திரி."

அவருக்கு உறைத்தது. பஸ் ஓடி வந்த சூட்டோடு பிரேக் டிரம்மை அளக்காதே, அளவு தப்பும் என்று எத்தனை பேர்மேல் எரிந்து விழுந்திருப்பார். காலையில் குட் நைட் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய், காலை ரத்தம் என்று கையை நீட்டியிருக்கிறார். ராத்திரி வேலைக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

லீவு போட்டுவிட்டு ராத்திரியில் தூங்குங்கள், உடம்பு பழகட்டும், அப்புறம் எழுந்ததும் எடுப்போம் என்றார் டாக்டர். லீவு போட்டார். அவளும் மகளுடைய அறையிலிருந்து திரும்பி வந்தாள். ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் இருவரும் படுத்தது புது மாப்பிள்ளை பெண் போல இருந்தது, வெட்கத்தில் அல்ல, கை கால்களை எங்கே வைப்பது என்று தெரியாததில். முதலில் புரண்டார். பிறகு தூங்கினார். மாதக்கணக்கில் கடன் வைத்திருந்தவர் போலத் தூங்கினார். அவள் விடிந்ததும் தொட்டுப் பார்த்து, எப்படி இருக்கு என்று கேட்பாள். பரவாயில்லை என்பார். களைப்பு போயிருந்தது, நிஜம்தான். களைப்புக்குப் பின்னால் இருந்தது போகவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். சந்தேகத்துக்கு இன்னொரு நாளும் எடுத்தார்கள். இரண்டு முறையும் சுரப்பு சரியாக இருந்தது. இந்த வயசுக்கு நல்லாவே இருக்கு என்று டாக்டர் சொன்னபோது அவர் முகம் விழுந்தது. வெல்டர் ஊசி போட்டுக்கொண்டு ஆளே மாறியதைச் சொல்லிப் பார்த்தார்.

நிஜமாகவே குறைந்தவர்களுக்கு அது மருந்துதான், உங்கள் நண்பருக்குத் தேவைப்பட்டிருக்கும், நான் குறை சொல்லவில்லை என்றார் டாக்டர். குறையாதவனுக்கு வெளியிலிருந்து ஊற்றினால் உள்ளே சுரப்பது சோம்பிப் படுத்துக்கொள்ளும். பிறகு விடுவது லேசில்லை. ரத்தம் கெட்டிப்படலாம், அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் சொல்லிவிட்டு, மனசு எப்படி இருக்கு என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் பிரேக்காரர்.

அதற்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், அதுவும் வியாதிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். ராத்திரி வேலையை விட முடியுமா என்று பார்க்கவும் சொன்னார். அவர் தலையாட்டினார். காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

தெருவில் இறங்கியபோது மாடிக்காரர்கள் போன் செய்தார்கள். ஊசி வந்துவிட்டது, பழைய ரிப்போர்ட்டே போதும், இன்றைக்கே ஆரம்பிக்கலாமா சார் என்று கேட்டான் தாடிக்காரன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். செல்போன் கடை வாசலில், மாடிப்படிக்குக் கீழே நின்றார்.

மேலே போனால் போதும். ஊசி போட்டாச்சு என்று வீட்டில் சொல்லலாம். பொய்கூட இல்லை. அவள் அக்கா வீட்டுக்குப் போக மாட்டாள். நோயாளியின் மனைவியாக, மருந்து வேலை செய்யும் என்று காத்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு இருப்பாள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓட்டலாம். இப்படியே திரும்பிப் போனால் அவளிடம் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

படியில் கால் வைக்கவில்லை. அதை நேர்மை என்று சொல்லிவிட முடியாது. பொய் சொல்லிப் பிடித்து வைத்துக்கொள்ளவும் ஒரு ஆசை வேண்டும். அந்த ஆசை இருக்கிறதா என்று உள்ளே துழாவிக்கொண்டே நின்றார். செல்போன் கடைப் பையன், ஸ்கிரீன் மாத்தணுமா அங்கிள் என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று அவளுக்கு வார விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே சொல்லிவிட்டார், ரெண்டு தடவையும் நார்மல், ஊசி வேண்டாமாம்.

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள், மடிக்கவில்லை.

"அப்ப நான்தானா?"

"இல்ல."

"உடம்பும் இல்ல, நானும் இல்லன்னா வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

மகள் ஊருக்குப் போன அன்றைக்கு அழுகை வரும் வரும் என்று காத்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். வரவே இல்லை என்றார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிகிறது, அவ்வளவுதான் தெரிகிறது என்றார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுபோல, விவரமாக, குரல் ஏறாமல் சொன்னார்.

"உன்மேல மட்டும் இல்லம்மா. எதுமேலயும் இல்ல. எனக்கு எதுவுமே எட்டல."

"எத்தனை நாளா?"

"தெரியல. ரொம்ப நாளா இருக்கும்."

அவள் அவரையே பார்த்தாள். கடையில் ஆட்களின் முகத்தில் கண்ணாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு, "ஊசியா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

"நானும் அதைத்தான் நம்பிட்டு இருந்தேன்."

டாக்டர் எழுதிக் கொடுத்த பெயரை எடுத்து நீட்டினார். வாங்கிப் படித்தாள். இந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதுகூடக் கேக்கலையா என்றாள், கோபம் இல்லாமல்.

அக்காவிடமிருந்து போன் வந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறாள் போலிருக்கிறது. "ஒண்ணும் இல்லையாம்க்கா" என்றாள். அந்தப் பக்கம் அக்கா ஏதோ நல்லது நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும். இவளுக்கு உதடு கோணியது. முதுகைத் திருப்பிக்கொண்டாள். "ம்" என்றாள். "வரேனா இல்லையான்னு இப்ப சொல்ல முடியலக்கா. இன்னொரு டாக்டரைப் பாக்கணும். அதுக்கப்புறம் பாக்கலாம்." போனை வைத்த பிறகும் திரும்பவில்லை. தோள் குலுங்கியது.

இந்த இடத்தில் எழுந்து போய் அவள் தோளில் கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த ஊருக்கு வழி தெரிவது போலத் தெரியும். எழுந்து போய் வைத்தார். கையில் துணியின் சூடு தெரிந்தது, அதற்குக் கீழே எலும்பு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்துவிடலாமா என்று பார்த்தார்.

"எடுக்காதீங்க" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

"எனக்குத் தெரியுது. கொஞ்ச நேரம் அப்படியே வைங்க."

வைத்துக்கொண்டு நின்றார்.