மூன்றாவது முறையும் கேட்பார் என்று

ஹஷ்மத்துல்லாவை டைல்ஸ் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது யஸ்த் நகரில் பாதிப் பேர் அனுதாபம் சொன்னார்கள், மீதிப் பேர் ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை தருகிறேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சூளைக்கு மேஸ்திரியாக இருந்த மனிதர். புது முதலாளிகள் வந்தார்கள், வயதானவர்களைக் கழித்துக் கட்டினார்கள், அவ்வளவுதான் விஷயம்.

முதல் சில வாரங்கள் அவர் வீட்டிலேயே மேஸ்திரி வேலை பார்த்தார். அரிசி எவ்வளவு நேரம் ஊறுகிறது, தேநீர் ஏன் இத்தனை கறுப்பாக இருக்கிறது என்று மனைவி ஃபராங்கிஸின் பின்னாலேயே அலைந்தார். ஒருநாள் அவள் கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"இது உங்க சூளை இல்லை, என் அடுப்பு. தள்ளிப் போங்க!"

ஃபராங்கிஸ் வீட்டிலிருந்தே கீரை வியாபாரம் செய்தாள். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் ஆய்ந்து, கழுவி, நறுக்கி, பையில் கட்டிக் கொடுப்பாள். வேலைக்குப் போகும் பெண்கள் அதை வாங்கி அப்படியே கறிக்குழம்பில் போட்டுவிடுவார்கள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தம்பி யதுல்லா. எந்த வேலையிலும் நிலைக்காத அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் ஓயாத வாயும் மட்டும் உண்டு.

ஃபராங்கிஸுக்கு மணிக்கட்டு வீங்கிக் கத்தி பிடிக்க முடியாமல் போனபோது, வேறு வழியில்லாமல் ஹஷ்மத் கீரை முன்னால் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் வேரோடு சேர்த்து இலையையும் குப்பையில் போட்டார். பிறகு கை பழகிவிட்டது. விடிந்ததும் சந்தைக்குப் போய்த் தானே கட்டுகளைப் பார்த்து எடுத்தார், கத்திகளைத் தீட்டினார், அழுகல் இலை ஒன்றைக்கூட விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். வேலை போனபின் அவர் வயிறாரச் சாப்பிட்டதும் அந்த நாட்களில்தான். யதுல்லாவுக்கு அது பொறுக்கவில்லை.

"அத்தான், கை என்னமா ஓடுது! தலையில ஒரு முக்காடும் போட்டுவிடட்டுமா?"

"பையை எடுத்துக்கிட்டுப் போடா," என்பார் ஹஷ்மத். போனபிறகு காது சிவந்து உட்கார்ந்திருப்பார்.

கைதான் பழகியது, மனசு பழகவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருட சர்வீஸ் பாக்கி. "கூப்பிட்டா வெறுங்காலோட ஓடிப் போவேன்," என்று ஃபராங்கிஸிடம் நாள் தவறாமல் சொன்னார். அவளும் தொழுகையில் அதையே கேட்டாள்.

கூப்பிடவும் செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொழிற்சாலையின் புது இன்ஜினியர் அர்ஷாம் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன வயது, கனடாவில் படித்துவிட்டு வந்தவர், எதற்கும் நேரமில்லாத ஆள். ஃபராங்கிஸ் தேநீரும் பழத்தட்டும் வைத்துவிட்டு அடுக்களைத் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பை எடுக்க வந்த யதுல்லா தட்டிலிருந்த வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டிருந்தான்.

"ஹஷ்மத் ஐயா, சூளைக்கு ஆள் வேணும். நாளைக்கு சனிக்கிழமையிலேருந்து நீங்க வந்துடுங்க," என்றார் அர்ஷாம்.

ஹஷ்மத்தின் நெஞ்சு துள்ளியது. ஆனால் கை என்ன செய்தது? மார்பில் போய் உட்கார்ந்தது. தலை குனிந்தது.

"ஐயோ, நான் உங்க கால் தூசிங்க. வயசாயிடுச்சு. என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

யஸ்த்தில் கேட்டவுடன் சரி என்று சொல்பவன் பஞ்சத்தில் அடிபட்டவன். முதல் தடவை கும்பிட்டு மறுக்க வேண்டும், இரண்டாம் தடவை கூசி மறுக்க வேண்டும், மூன்றாம் தடவை உங்கள் மனசு கோணக்கூடாதே என்று சம்மதிக்க வேண்டும். டாக்சிக்காரன் கூலியை வாங்குவதும் இப்படித்தான், விருந்தாளி சோறு வாங்குவதும் இப்படித்தான்.

"நான் நிஜமாத்தான் கேக்கறேன். உங்களால வர முடியுமா, முடியாதா?" என்றார் அர்ஷாம்.

இரண்டாவது தடவை! ஹஷ்மத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மூன்றாவதற்கு முன்னால் இதை இன்னும் கொஞ்சம் அழகாக மறுப்போம் என்று நினைத்தார் பாவி மனிதர்.

"எனக்கு எதுக்குங்க? இதோ இருக்கானே நம்ம யதுல்லா, சிங்கக்குட்டி. இவனை மாதிரி இளவட்டம்தான் உங்களுக்குச் சரிப்படும்."

அர்ஷாம் கடிகாரத்தைப் பார்த்தார். யதுல்லாவைப் பார்த்தார்.

"நீ வர்றியா?"

யதுல்லா வெள்ளரிக்காயை மெல்லாமலே விழுங்கினான். "வர்றேன் சார்."

பெயருக்குக்கூட ஒரு தடவை மறுக்கவில்லை. இன்ஜினியர் நிம்மதியாக எழுந்து இருவருக்கும் கை கொடுத்தார். "ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் போகணும்," என்று ஹஷ்மத்தின் வாய் தன்பாட்டுக்கு உபசரித்தது. கார் தெருமுனை திரும்பும்வரை அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஃபராங்கிஸ் வெளியே வந்தாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மூணாவது தடவையும் கேப்பாருன்னு நினைச்சேன்," என்றார் ஹஷ்மத்.

"நீங்க என்ன கல்யாணப் பொண்ணா, மூணு தடவை கேட்டாத்தான் சம்மதம் சொல்றதுக்கு? வீங்கிப் போன என் கையைப் பாருங்க. நான் அந்தத் திரைக்குப் பின்னால நூறு தடவை சரின்னு சொன்னேன்."

ஹஷ்மத் மச்சினன் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுற்றி வளைக்காமல் கேட்டார். "யதுல்லா, நான் சும்மா மரியாதைக்குச் சொன்னேன்டா. அது என் வேலை. விட்டுக் குடு."

யதுல்லா மார்பில் கை வைத்தான். "அத்தான், என் உயிரையே கேளுங்க, இப்பவே தர்றேன்."

உயிரை யார் கேட்டார்கள்? கேட்டது வேலையை. சனிக்கிழமை காலை அவன் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

கீரைப் பைகளைச் சுமக்க இப்போது ஹஷ்மத்தைத் தவிர ஆள் இல்லை. பேருந்திலும் நடையிலுமாகத் தெருத் தெருவாகப் போனார். கூட வேலை பார்த்தவர்களின் வீட்டுக் கதவுகளையும் தட்டினார். ஒவ்வொரு கதவிலும் "உள்ள வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்றார்கள். ஒவ்வொரு கதவிலும் மறுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு அடுத்த தெருவுக்கு நடந்தார்.

அந்த வாரமே யதுல்லாவின் மனைவி சூதாபேயும் கீரை கேட்டிருந்தாள். புருஷன் சூளைச் சூட்டில் வெந்து வருகிறானாம், வாய்க்கு ருசியாகச் செய்து போட வேண்டுமாம். ஹஷ்மத் உச்சி வெயிலில் போய்ப் பையை நீட்டினார்.

"உள்ள வாங்கண்ணா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள் சூதாபே, கதவைப் பாதி சாத்திக்கொண்டே.

"சரிம்மா," என்றார் ஹஷ்மத். செருப்பைக் கழற்றினார்.

சூதாபே கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இப்படி ஒரு பதிலை அவள் யாரிடமும் கேட்டதில்லை. அதற்குள் அவர் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் புருஷனுக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றையும் குழம்பையும் பானையோடு கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே தட்டில் கவிழ்த்தாள். அவர் தலை நிமிராமல், தட்டை வழித்துச் சாப்பிட்டார். அழுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமாண்ணா?" என்று வழக்கப்படி கேட்டாள்.

"போடும்மா," என்றார்.

பானையில் ஒரு பருக்கைகூட இல்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும். அவர் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.